ஊர்ப்பெயர் கிடைக்கும் வரை கப்பல் ஏறாதீர்கள்

குடும்பத்தில் இங்கிலாந்து, அயர்லாந்து வேர் உள்ளவர்கள் வம்சாவளித் தேடல் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று பழைய வடாற்காட்டின் ரயில் ஊர்களிலிருந்தும் வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்தும்தான் கடிதங்கள் அதிகம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் தாத்தாவின் தாத்தா அயர்லாந்திலிருந்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். பெயர் தெரியும், ஊர் தெரியாது. ஐரிஷ் இணையதளங்களில் அந்தப் பெயரைப் போட்டால் நூற்றுக்கணக்கில் வருகிறது. இதில் எங்கள் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஆசிரியை, அரக்கோணம்)

பதில்: கண்டுபிடிக்க முடியாது. அதனால் அயர்லாந்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உங்கள் தேடல் அரக்கோணத்தில்தான் தொடங்க வேண்டும். அவர் பிறந்த ஊரின் பெயர் பெரும்பாலும் இந்தியாவில் எழுதப்பட்ட ஏதோ ஒரு காகிதத்தில்தான் இருக்கும். அது கிடைக்காமல் கடல் தாண்டினால் அடுத்தவர் வீட்டுத் தாத்தாவை நம் தாத்தா என்று கொண்டாட வேண்டிவரும். இணையத்தில் உலவும் வம்சாவளி மரங்களில் பாதிக்குமேல் கோணலாக இருப்பதற்குக் காரணம் இந்த அவசரம்தான்.

ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தாண்டாமல் பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று பதிவுகள் வேண்டும்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். முதலில் உங்கள் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவு. அதில் தாத்தா, பாட்டி பெயர்கள் இருக்கும். அடுத்து அவர்களின் திருமணப் பதிவு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதித் திருமணப் பதிவுகளில் மணமக்கள் இருவருடைய தகப்பன் பெயரும் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி.

கத்தோலிக்கக் குடும்பமானால் பங்கு அலுவலகத்தில் வெறும் சான்றிதழ் கேட்காதீர்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தையே பார்க்க அனுமதி கேளுங்கள், அல்லது முழு நகல் கேளுங்கள். அச்சடித்த சான்றிதழ்ப் படிவத்தில் ஓரக் குறிப்புகளை எழுதித் தரமாட்டார்கள். 1908க்குப் பிறகு ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கும் வழக்கம் திருச்சபையில் வந்தது. எந்த ஊர்ச் சர்ச்சில், யாரோடு திருமணம் என்று ஒரே வரியில் கிடைத்துவிடும். ஞானப் பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பல சமயம் அவர்கள் தாய்மாமன், சித்தி என்று உறவாகவே இருப்பார்கள்.

ஆங்கிலிக்கன் சபையாக இருந்த சர்ச்சுகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்துவிட்டன. பழைய பதிவேடு இருந்தால் அந்தந்த சி.எஸ்.ஐ. சர்ச்சில் இருக்கும். கரையான் தின்றுவிட்டது என்று சொன்னாலும் மனம் தளர வேண்டாம். சென்னை மாகாணத்துப் பாதிரியார்கள் தங்கள் பதிவுகளுக்கு நகல் எடுத்து அனுப்ப, அவை லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. 1698 முதலான அந்தத் தொகுதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ என்ற வரிசையில் உள்ளன. வங்காளத்துக்கு என்/1, பம்பாய்க்கு என்/3. கத்தோலிக்கப் பதிவுகள் இந்த வரிசையில் ஓரளவுதான் உண்டு. ஆகவே கத்தோலிக்கருக்குப் பங்குப் பதிவேடுதான் முதல் நம்பிக்கை.

வீட்டிலிருந்தே தேட மூன்று இடங்கள் போதும். 1998இல் தொடங்கிய ‘ஃபேமிலீஸ் இன் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டி’யின் தளத்தில் பெயர்த் தேடல் இலவசம். சுருக்கமாக ஃபிபிஸ் என்பார்கள். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். என்/2 பக்கங்களின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் உள்ளன, அது கட்டணத் தளம். முதல் இரண்டிலும் தேடி, பார்க்க வேண்டிய பதிவுகளைப் பட்டியலிட்ட பிறகு மூன்றாவதுக்கு ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். ஆண்டுச் சந்தா வீண். அட்டவணையில் தொகுதி எண், பக்க எண் தெரிந்தால் அதையும் குறித்துவையுங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிச் சேவைகள் முடங்கிப்போயின. அப்படிப்பட்ட நேரத்திலும் எண் கையில் இருப்பவருக்கு வேலை நடக்கும்.

பதிவு கையில் கிடைத்ததும் எல்லோரும் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது தகப்பனின் தொழில் கட்டம். ‘பிரைவேட், எச்.எம். 69’ என்று இருந்தால் அரசரின் 69ஆம் காலாட்படையில் சாதாரண சிப்பாய். ‘எச்.எம்.’ இல்லாமல் ‘எம். யூரோப்பியன் ரெஜிமெண்ட்’ என்று இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை வெள்ளையர் பட்டாளம். ‘கன்னர்’ என்றால் பீரங்கிப் படை. ‘கார்டு’, ‘டிரைவர்’ என்றால் ரயில்வே. அடுத்து எந்த ஆவணத்தைத் திறப்பது என்பதை இந்த ஒற்றைக் கட்டம்தான் சொல்லும். சில பக்கங்களில் அந்தக் கட்டத்தில் ‘டோ’ என்று இரண்டே எழுத்து இருக்கும். அது பெயரோ ஊரோ அல்ல, ‘மேற்படி’ என்று பொருள். மேல் வரியில் இருப்பதே இங்கும். மேல் வரியும் ‘டோ’ என்றால் பக்கத்தின் தலைப்பு வரை ஏறிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் முன்னோர் 1806 வேலூர்ப் புரட்சியின்போது கோட்டையில் இருந்த 69ஆம் பட்டாளத்துச் சிப்பாய். அது ‘சவுத் லிங்கன்ஷயர்’ பட்டாளம் என்று படித்தேன். அப்படியானால் லிங்கன்ஷயரில் தேடலாமா? (சில்லறை வியாபாரி, வேலூர்)

பதில்: தேட வேண்டாம். 1782இல் காலாட்படைகளுக்கு மாவட்டப் பெயர்களைச் சூட்டினார்கள். ஆள் சேர்த்ததோ எங்கே ஆள் கிடைத்தாலும் அங்கே. லிங்கன்ஷயர் பட்டாளத்தில் லங்காஷயர் நெசவாளியும் இருப்பார், அயர்லாந்தின் டிப்பரரி கூலியும் இருப்பார். 1806 ஜூலை 10 காலையில் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து 19ஆம் குதிரைப்படையோடு பாய்ந்து வந்த கில்லெஸ்பியே அயர்லாந்தில் டவுன் மாவட்டத்துக் கோம்பர் ஊர்க்காரர்தான்.

அரசரின் படை என்பதால் ஆவணங்கள் லண்டனை அடுத்த கியூவில், பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பார்க்க வேண்டிய வரிசைகள் மூன்று. ‘டபிள்யூ.ஓ. 12’ என்பது ஆள்வரிசைப் பட்டியல். அந்தப் பட்டாளத்தில் யார் எப்போது இருந்தார், எப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார், எப்போது இறந்தார் என்று தெரியும். ‘டபிள்யூ.ஓ. 97’ என்பது ஓய்வூதியத்தோடு விடைபெற்றவர்களின் விடுவிப்புத் தாள், 1760 முதல் 1913 வரை. இதுதான் புதையல். பிறந்த பாரிஷ் (ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஊர்ப்பகுதி), பக்கத்து நகரம், மாவட்டம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். சேர்ந்தபோது வயது, முந்தைய தொழில், உயரம், தலைமயிர் நிறம், கண் நிறம் கூட உண்டு. 1822 வரை ஐரிஷ் ஓய்வூதியர்களுக்கு டப்ளின் கில்மைன்ஹாம் மருத்துவமனை ஓய்வூதியம் தந்தது. அந்தத் தாள்கள் ‘டபிள்யூ.ஓ. 119’இல். ஆள் 97இல் இல்லையென்றால் இங்கே பாருங்கள்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு விடுவிப்புத் தாள் கிடையாது. ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவருக்கும் 1883க்கு முன் 97ஆம் வரிசையில் தாள் இருக்காது. உங்கள் முன்னோர் கோட்டையிலேயே மாண்டவர் என்றால் 97இல் மாதக்கணக்கில் தேடிப் பயனில்லை. ‘டபிள்யூ.ஓ. 25’இல் உள்ள உயிரிழப்புப் பட்டியல்களைத் திறக்க வேண்டும். அவற்றிலும் பிறந்த ஊரும் தொழிலும் குறிக்கப்பட்டிருப்பது உண்டு.

இன்னொன்று, விதவைகள். சிப்பாய் செத்தால் மனைவிக்கு ரேஷன் சீக்கிரமே நின்றுவிடும். அதே பட்டாளத்தில் இன்னொருவரைச் சில மாதங்களுக்குள் மணந்துகொள்வது சர்வசாதாரணம். பிள்ளைகளும் புதுத் தகப்பன் பெயரில் வளர்வார்கள். தாத்தாவின் குடும்பப் பெயரில் ஞானஸ்நானமே கிடைக்கவில்லை என்றால் பாட்டியின் இரண்டாவது, மூன்றாவது திருமணத்தைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: கம்பெனி பட்டாளத்தில் இருந்தவருக்கும் இதே ஆவணங்கள்தானா? (வாசகர், ஆற்காடு)

பதில்: இல்லை, வேறு கட்டடம். கம்பெனி ஆட்களின் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். ‘எல்/மில்/9’இல் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஆள் சேர்த்த பதிவேடுகளும் கப்பலேற்றிய பட்டியல்களும். ‘எல்/மில்/11’இல் சென்னைப் படையின் ஆள்வரிசைப் பட்டியல்களும் உயிரிழப்புப் பட்டியல்களும். எந்தக் கப்பலில், எந்த ஆண்டு வந்தார் என்பதைப் பட்டியலில் பிடித்து, அந்தக் கப்பலின் ஏற்றப் பட்டியலுக்குப் போனால் பிறந்த இடமும் தொழிலும் கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்பெனி சேர்த்த வெள்ளைச் சிப்பாய்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐரிஷ்காரர்கள். ஆகவே ‘அயர்லாந்திலிருந்து வந்தவர்’ என்ற குடும்பப் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம்.

1861 வாக்கில் கம்பெனியின் வெள்ளையர் பட்டாளங்கள் அரசியின் படையோடு இணைக்கப்பட்டன. ஒரே ஆளின் 1855 தாள் பிரிட்டிஷ் நூலகத்திலும் 1865 தாள் கியூவிலும் இருப்பது இதனால்தான். சென்னையின் முதல் ஃபியூசிலியர்கள் 102ஆம் பட்டாளமாகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனார்கள். வீட்டில் அந்தப் பெயர் பொறித்த பட்டயமோ பொத்தானோ இருந்தால் ‘டப்ளினில் பிறந்தவர்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சேர்ந்த வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்பான், முப்பத்தைந்து வயதுக்காரர் இருபத்தெட்டு என்பார். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்தவர் பெயரையே மாற்றிச் சொல்வார். முன்னும் பின்னும் ஏழெட்டு ஆண்டு இடம் விட்டுத் தேடுங்கள்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் எஞ்சின் டிரைவர். இங்கிலாந்திலிருந்தே வேலைக்கு வந்தவர் என்கிறார்கள். ரயில்வேயில் பழைய பணிப் பதிவேடு கிடைக்குமா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஜோலார்பேட்டை)

பதில்: தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தக் காலத்து டிரைவர், ஃபிட்டர், போர்மேன்களை இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்தார்கள். ரயில்வே கம்பெனிகளின் ஊழியர் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘எல்/ஏ.ஜி./46’ வரிசையில். ஃபிபிஸ் தளத்தில் இவற்றின் பெயர்களைத் தேடலாம். மெட்ராஸ் ரயில்வே 1908இல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ஆனது. எனவே இரண்டு பெயர்களிலும் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாவிட்டால் அவர் இங்கேயே பட்டாளத்திலிருந்து விடுதலை வாங்கி ரயில்வேயில் சேர்ந்தவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் நிறைய. அப்போது முன் பதிலில் சொன்ன ராணுவ ஆவணங்களுக்குத் திரும்ப வேண்டும்.

ஒப்பந்தத்தில் இங்கிலாந்து ஊர் கிடைத்துவிட்டால் அதன்பின் பாதை நல்ல பாதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவு உண்டு. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையில் 1837 பிறப்புகளுக்கே தாயின் கன்னிக் குடும்பப் பெயர் உண்டு. பழைய அச்சு அட்டவணைகளில் அது 1911இன் மூன்றாம் காலாண்டிலிருந்துதான் வரும். ஒரே பெயரில் பத்து ஜான்கள் இருந்தால் தாயின் பெயரை வைத்து ஒன்பது பேரைக் கழித்துவிடலாம். பிறகுதான் சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள். திருமணச் சான்றிதழ் வாங்குவது முதல் வேலை, அதில் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் இருக்கும். இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் அந்தக் காலத்தில் பெற்றோர் பெயர் கிடையாது. அதற்குச் செலவழித்து ஏமாறுபவர்கள் அதிகம். 1875க்கு முன் பிறப்பைப் பதியாமல் விட்டவர்களும் உண்டு. பதிவு இல்லை என்பதால் ஆளே இல்லை என்று ஆகிவிடாது.

மக்கள் தொகைக் கணக்கு 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை. 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 என்று நிற்பார். அந்த ஆண்டில் பிறந்த ஊரும் இருக்காது, ‘இதே மாவட்டமா’ என்பதற்கு ஆம், இல்லை மட்டும். அயர்லாந்தில் பிறந்தவருக்கு ஒற்றை ‘ஐ’. 1851இலிருந்துதான் பாரிஷ் பெயரும் குடும்பத் தலைவரோடு உறவும் வருகின்றன. 1911 கணக்கில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளங்களும் குடும்பத்தோடு எண்ணப்பட்டன, இது நம் வாசகர்களுக்கு மிக உபயோகமானது. 1921 கணக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்: 1931 கணக்கு 1942இல் தீயில் போனது, 1941இல் போரால் எடுக்கப்படவேயில்லை.

கேள்வி: ஐரிஷ் ஆவணங்கள் எல்லாம் 1922இல் எரிந்துவிட்டன, தேடுவது வீண் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? (கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: பாதி உண்மை, அதனால் முழுப் பொய்யைவிடக் கெடுதல். 1922 ஜூன் 30இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் வெடித்து எரிந்தது. அதில் போனவை: 1821 முதல் 1851 வரையான மக்கள் தொகைக் கணக்குகளின் பெரும்பகுதி, மூல உயில்கள், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகள். 1861, 1871 கணக்குகளைத் தீ தொடவில்லை, அரசாங்கமே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகளை முதல் உலகப் போரின் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கினார்கள். பழி மட்டும் தீயின் மேல்.

தப்பியவை அதைவிட அதிகம். அரசுப் பதிவுகள் எரியவில்லை. கத்தோலிக்கரல்லாதவர் திருமணம் 1845 ஏப்ரல் 1 முதல், எல்லோருடைய பிறப்பு, திருமணம், இறப்பு 1864 ஜனவரி 1 முதல். ஐரிஷ் அரசின் ‘ஐரிஷ்ஜீனியாலஜி’ தளத்தில் நூறு ஆண்டு கடந்த பிறப்புகளும் 75 ஆண்டு கடந்த திருமணங்களும் 50 ஆண்டு கடந்த இறப்புகளும் பதிவேட்டுப் படத்தோடு இலவசம். வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்களுக்கு 1922க்குப் பிந்தைய பதிவுகளை பெல்பாஸ்டில் கட்டணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். கத்தோலிக்கப் பதிவேடுகள் சர்ச்சுகளிலேயே இருந்ததால் பிழைத்தன. 1880 வாக்கு வரையானவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாக வைத்தது. அந்தத் தளத்தில் பெயர்த் தேடல் கிடையாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அட்டவணை வேண்டுமானால் வேறு தளங்களுக்குப் போக வேண்டும். 1901, 1911 கணக்குகள் இரண்டும் முழுசாக, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம்.

உங்கள் முன்னோர் 1840இலேயே கப்பலேறியிருந்தாலும் 1901 கணக்கைப் பாருங்கள். அந்தக் குடும்பப் பெயர் எந்த ஊரில் கும்பலாக நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

எரிந்த 1841, 1851 கணக்குகளின் துண்டுகள் வேறொரு வழியில் தப்பின. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. அவர்கள் பிறந்தபோது அயர்லாந்தில் பிறப்புப் பதிவு கிடையாது. வயதை நிரூபிக்க, பழைய கணக்கில் அவர்கள் குழந்தையாக எழுதப்பட்டிருக்கிறார்களா என்று ஊழியர்கள் தேடிப் படிவம் நிரப்பினார்கள். கணக்கு எரிந்தது, படிவங்கள் மிஞ்சின. கிழவியின் விண்ணப்பத்தில் அவள் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி எல்லாரும் இருப்பார்கள். அந்த அண்ணன்தான் ஆற்காட்டுக்கு வந்தவராக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஐரிஷ் அரசுப் பதிவில் பிறந்த தேதிக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்திருப்பதாக வந்தால் குழம்பாதீர்கள். தாமதமாகப் பதிந்தால் அபராதம். அதைத் தவிர்க்கப் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வார்கள். சர்ச் தேதியை நம்புங்கள்.

கேள்வி: கல்லறைக் கல்லில் ‘நேட்டிவ் ஆஃப் கார்க்’ என்று மட்டும் இருக்கிறது. இது போதுமா? (வாசகி, ராணிப்பேட்டை)

பதில்: போதாது. கார்க் என்பது அயர்லாந்தின் மிகப் பெரிய மாவட்டமும்கூட, நகரமும்கூட. சேர்ந்த இடத்தைப் பிறந்த இடமாகக் கல்லில் வெட்டியிருக்கவும் கூடும். பட்டாளத் தாள் கிடைத்துப் பாரிஷ் பெயர் வரும் வரை பொறுங்கள்.

ஐரிஷ் நிலப் பிரிவை நம் மாவட்டம், தாலுகா, பிர்கா, கிராமம் என்று வைத்துக்கொண்டால் சுலபமாகப் பிடிபடும்: கவுண்டி, பேரனி, சிவில் பாரிஷ், அடியில் டவுன்லேண்ட். பெயரில்தான் டவுன், உண்மையில் பத்து இருபது வீடுள்ள குக்கிராமம். இப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு, ஒரே பெயரில் பல. கத்தோலிக்கப் பாரிஷின் எல்லை வேறு, சிவில் பாரிஷின் எல்லை வேறு என்பதையும் மறக்க வேண்டாம். அரசுப் பதிவோ ஏழையர் சட்ட ஒன்றியம் என்ற மூன்றாவது எல்லையில் ஓடும்.

பாரிஷ் தெரிந்ததும் ‘கிரிஃபித் மதிப்பீடு’ என்ற நில வரிக் கணக்குக்குப் போங்கள். 1847 முதல் 1864 வரை மாவட்டம் மாவட்டமாக, நிலம் வீடு வைத்திருந்த ஒவ்வொருவரின் பெயரையும் நிலச்சொந்தக்காரர் பெயரோடு எழுதினார்கள். ‘ஆஸ்க் அபௌட் அயர்லாந்து’ தளத்தில் வரைபடத்தோடு இலவசம். ஒரே ஊரில் மூன்று ஜான் ரயன் இருந்தால் பெயரை அடுத்து அடைப்புக்குள் ‘பேட்’ என்று தகப்பன் பெயரையோ பட்டப்பெயரையோ சேர்த்திருப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள். மனைவி மக்கள் பெயர் இதில் இருக்காது. இதற்கு முந்தைய தலைமுறைக்கு 1823 முதல் 1837 வரையான தசமபாகப் புத்தகங்கள், அதாவது விவசாயிகள் சர்ச்சுக்குக் கட்டிய வரியின் கணக்கு. அவற்றில் நகரவாசிகளும் நிலமில்லாக் கூலிகளும் வரமாட்டார்கள். பட்டாளத்துக்கு ஓடிவந்தவர்களில் பலர் அந்தக் கூலிகளின் பிள்ளைகள்தான்.

கல்லறையைப் பொறுத்தவரை, கல் தேய்ந்திருந்தால் ஜே.ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளின் பட்டியலில் பாருங்கள். அன்று படிக்க முடிந்த எழுத்து இன்று அழிந்திருக்கலாம். கல்லின் மேல் சுண்ணாம்போ சாக்குக் கட்டியோ தேய்க்காதீர்கள். காலை எட்டு மணிக்குள் சாய்வெயிலில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால் எழுத்து தானே எழும்பும்.

கேள்வி: எங்கள் குடும்பப் பெயர் ஒரு பதிவில் ‘ஓ’சல்லிவன்’, இன்னொன்றில் ‘சல்லிவன்’. இரண்டும் வேறு குடும்பமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: ஒன்றுதான். ஆங்கில ஆட்சியில் ‘ஓ’, ‘மேக்’ முன்னொட்டுகளைப் பலர் விட்டார்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள். கத்தோலிக்கப் பதிவுகளில் முதற்பெயர் லத்தீனில் இருக்கும்: ஜேக்கபஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்மஸ் என்றால் வில்லியம். கார்க், கெர்ரி பக்கத்தில் டார்பியும் ஜெரமையாவும் ஒரே ஆள். நோராவும் ஹொனோராவும் ஒன்று, டீலியா என்பவள் பிரிஜெட். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. இது குறிப்பு மட்டும், சாட்சியம் ஆகாது.

கேள்வி: ஞானஸ்நானப் பதிவில் எங்கள் எள்ளுப்பாட்டியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எ நேட்டிவ் வுமன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவர் யார் என்று அறிய வழி உண்டா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: 1800ஐ ஒட்டிய பதிவுகளில் இது ஏராளம். பட்டாளத்தில் பதவி வரைக்கும் பதிவான குடும்பத்தில் பெற்றவளின் பெயருக்கு மட்டும் இடமில்லாமல் போனது. வழிகள் குறைவு, ஆனால் உண்டு.

முதலில், அந்த ஆளின் எல்லாப் பிள்ளைகளின் பதிவுகளையும் எடுங்கள். மூத்த பிள்ளைக்குப் பெயரில்லாமலும் கடைசிப் பிள்ளைக்கு ‘மேரி’ என்றும் இருக்கும். அந்த இடைவெளியில் அவர் ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம், பட்டாளத்துப் பாதிரியார் திருமணம் செய்து வைத்திருக்கலாம். அந்த ஆண்டுகளின் பெரியவர் ஞானஸ்நானங்களைத் தேடுங்கள்.

இரண்டாவது, உயில். இந்தியாவில் இறந்த வெள்ளையரின் உயில் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘எல்/ஏ.ஜி./34/29’ வரிசையில், சொத்துப் பட்டியல்கள் ‘34/27’இல். ‘என் வீட்டைப் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லி ஒரு தமிழ்ப் பெண் பெயரையோ முஸ்லிம் பெண் பெயரையோ எழுதி, மாதத்துக்கு இத்தனை பகோடா (அக்கால வராகன் நாணயம்) என்று விட்டுச் சென்றவர்கள் உண்டு. எழுத்து ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் நம் பெயர் தெரியும். சாதாரண சிப்பாய் உயில் எழுதாமல் போனால் இந்த வழியும் அடைபடும்.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை செய்தால் ஒரேயடியாகத் தெரிந்துவிடாதா? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: ‘எத்தனை சதவீதம் ஐரிஷ்’ என்ற வண்ணப் படத்துக்காகப் பணம் செலவழிக்காதீர்கள். தாத்தாவின் தாத்தாவிடமிருந்து வருவது சராசரியாக 6.25 சதவீதம், அதற்கு முந்தைய தலைமுறையில் அதிலும் பாதி. இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் அந்த அளவில் பிரித்துச் சொல்வதை நம்ப முடியாது. பயன்படுவது உறவினர் பொருத்தப் பட்டியல். அயர்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள ஒருவர் உங்களோடு பொருந்தி, அவரிடம் ஊர்ப்பெயர் இருந்தால் வழி திறக்கும். நேர் ஆண் வழி என்றால் ஒய்-டி.என்.ஏ. சோதனை குடும்பப் பெயரைச் சரிபார்க்க உதவும்.

கேள்வி: ஐரிஷ் முன்னோரை நிரூபித்தால் பாஸ்போர்ட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், அரக்கோணம்)

பதில்: வேண்டாம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் ஐரிஷ் அரசின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் நீங்களே விண்ணப்பிக்கலாம். மூன்று தலைமுறையின் பிறப்பு, திருமணச் சான்றுகள் அசலாக வேண்டும். கொள்ளுத்தாத்தா பிறந்தவர் என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அந்தப் பதிவேட்டில் பெயர் சேர்த்திருக்க வேண்டும். பிரிட்டனின் வம்சாவளி விசா காமன்வெல்த் குடிமக்களுக்கு உண்டு. அதற்கும் தாத்தா அல்லது பாட்டி பிரிட்டனில், அல்லது 1922 மார்ச் 31க்கு முன் இன்றைய அயர்லாந்தில் பிறந்திருக்க வேண்டும். எங்களுக்கு எழுதியவர்களின் முன்னோர் தாத்தா பாட்டிக்கும் முந்திய தலைமுறையினர். அவர்களுக்கு இரண்டு கதவுமே கிடையாது.

கேள்வி: இந்த ஆய்வு ஆங்கிலோ-இந்தியர் என்ற சான்றுக்குப் பயன்படுமா? அம்மா வழியில்தான் ஐரிஷ்காரர். (வாசகி, வேலூர்)

பதில்: அரசியலமைப்பின் 366(2) பிரிவு தந்தை வழி ஆண் முன்னோரைத்தான் கணக்கில் கொள்கிறது. அம்மா வழி மட்டும் போதாது. பழைய பதிவுகளில் இந்தச் சொல்லைத் தேடாதீர்கள். கலப்பினத்தவருக்கு 1911 கணக்கு வரை ‘ஈஸ்ட் இந்தியன்’, ‘இந்தோ-பிரிட்டன்’, ‘யூரேஷியன்’ என்றுதான் இருக்கும். ‘ஆங்கிலோ-இந்தியன்’ என்று அதற்கு முன் எழுதியிருந்தால் இங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர் என்று பொருள்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா ஆற்காடு மிஷன் மருத்துவர் ஒருவரின் வழி என்கிறார்கள். இங்கிலாந்தில் பெயரே இல்லையே? (வாசகர், காட்பாடி)

பதில்: இருக்காது. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் அமெரிக்காவின் ரிஃபார்ம்டு சபையைச் சேர்ந்தது. தேட வேண்டியது நியூ ஜெர்சி மாநிலம் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள அந்தச் சபையின் காப்பகத்தில்.

கேள்வி: பதிவில் ‘வாலாஜாபாத்’ என்று இருக்கிறது. வாலாஜாபேட்டை சர்ச்சில் கேட்டால் இல்லை என்கிறார்கள். (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: இரண்டும் வேறு ஊர். வாலாஜாபாத் காஞ்சிபுரம் பக்கம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் வெள்ளையர் பட்டாள முகாம் இருந்த இடம். அங்கே ஞானஸ்நானமும் அடக்கமும் நிறைய நடந்தன. இதேபோல 1911 வரை வடாற்காட்டின் தலைமையிடம் சித்தூர், கலெக்டர் அலுவலகக் காகிதங்கள் அந்தப் பெயரில் இருக்கும். திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் மாவட்டம், ஆகவே ஜோலார்பேட்டைக்காரர்கள் பழைய மாவட்டக் காகிதங்களைச் சேலத்தின் கீழ் தேட வேண்டும். ஆங்கிலத்தில் ராணிப்பேட்டைக்கு ஈற்றில் இரண்டு ‘டி’ போட்டும், ஜோலார்பேட்டையை ‘ஜொல்லார்பெட்’ என்றும், அரக்கோணத்தை ‘ஆர்க்கோணம்’ என்றும் எழுதியிருப்பார்கள். தேடல் பெட்டியில் எல்லா எழுத்துமுறைக்கும் பொதுவான முதல் எழுத்துகளை மட்டும் போட்டு ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தால் இந்த வடிவங்கள் எல்லாம் வந்துவிடும்.